மருந்தைக் கண்டுபிடிக்காதவர், நோயைக் கண்டுகொண்டவர்: பிரையன் டுரூக்கர்

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "சில புற்றுநோய் மருத்துவர்களைப் பேராசிரியர், ஆய்வாளர் என்றும் சொல்கிறார்கள். ஒரே ஆள் ஓ.பி.யும் பார்த்து ஆய்வகமும் நடத்துவது நிஜமாகவே நடக்கிறதா? நடந்தால் அவர் எதை ஆராய்கிறார், அதனால் நோயாளிக்கு என்ன லாபம்? இங்கே இருந்துகொண்டு அப்படி ஆக முடியுமா?"

நடக்கிறது. ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பலருக்கு ஆய்வு என்பது, மருந்து நிறுவனம் நடத்தும் சோதனைக்கு நோயாளிகளைச் சேர்த்துக் கொடுப்பதோடு முடிந்துவிடும். இன்னும் சிலர் ஆய்வகத்துக்குள் போனபின் வார்டு பக்கமே வரமாட்டார்கள். இரண்டிலும் கால் ஊன்றி நின்றவர்கள் குறைவு. பொதுப்படையாகச் சொல்வதைவிட அப்படி ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் போன பாதையைச் சொல்வது உங்களுக்குப் பயன்படும். நான் எடுத்துக்கொள்வது பிரையன் டுரூக்கர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ரத்தப் புற்றுநோய் மருத்துவர். இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்.

முதலில் ஒரு திருத்தம். "இமாட்டினிப்பைக் கண்டுபிடித்தவர் டுரூக்கர்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அந்த மூலக்கூறு உருவானது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கைகி நிறுவனத்தில். அலெக்ஸ் மாட்டர் தலைமையில் நிக் லைடன் நடத்திய திட்டம் அது. வேதியியல் வேலை யூர்க் சிம்மர்மனுடையது. டுரூக்கர் செய்தது வேறு. இந்த வகை மருந்தை எந்த நோயில் முயன்று பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். நிறுவனமே தயங்கியபோதும் விடாமல் பிடித்து இழுத்து, அதை மனிதனின் வாய் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர். என்னைக் கேட்டால், மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருக்கும் ஒருவரால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். வேதியியலாளருக்கு மூலக்கூறு தெரியும், ஓ.பி. மருத்துவருக்கு நோயாளி தெரியும். இந்த மூலக்கூறு இந்த நோயாளிக்கு என்று பொருத்திப் பார்க்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்த நோய் சி.எம்.எல்., அதாவது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். உங்கள் மெடிசின் போஸ்டிங்கில் பார்த்திருப்பீர்கள்: இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று வருவார்கள். தொட்டால் மண்ணீரல் தொப்புள் வரைக்கும் இறங்கியிருக்கும். ரத்தம் எடுத்தால், 4,000 முதல் 11,000க்குள் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருக்கும். நோய் சில வருடங்கள் மெதுவாகப் போகும். பிறகு 'பிளாஸ்ட் கிரைசிஸ்' என்ற கட்டத்துக்குள் பாய்ந்து, சில மாதங்களில் ஆளை முடித்துவிடும்.

1990களில் இதற்கு இரண்டே வழிகள்தான் உருப்படியாக இருந்தன. வயது குறைவாக இருந்து, பொருத்தமான கொடையாளியும் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. இல்லையென்றால் இன்டர்ஃபெரான் ஊசி. ஊசி போட்ட நாளெல்லாம் ஃப்ளூ வந்ததுபோலக் காய்ச்சலும் உடல்வலியும். சிலருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். அதைத் தாங்கியவர்களிலும் நல்ல பலன் பெற்றவர்கள் சிறுபான்மையே.

ஆனால் இந்த நோய்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் சி.எம்.எல். செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைப் பார்த்தார்கள். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி, அது வெறுமனே தேய்ந்துபோன குரோமோசோம் இல்லை, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொண்டதால் வந்தது என்று காட்டினார். அந்த ஒட்டில் பி.சி.ஆர். (BCR), ஏ.பி.எல். (ABL) என்ற இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒரு புதிய புரதம் உண்டாகிறது. அது டைரோசின் கைனேஸ் வகை நொதி, அதாவது மற்றப் புரதங்களில் உள்ள டைரோசினில் பாஸ்பேட்டை ஒட்டி 'வளரு, பிரி' என்று சமிக்ஞை கொடுப்பது. சாதாரண ஏ.பி.எல். தேவையானபோது எரிந்து அணையும் ஸ்விட்ச் என்றால், இந்த ஒட்டுப் புரதம் எரிந்தபடியே சிக்கிக்கொண்ட ஸ்விட்ச். 1990இல் இந்த மரபணுவை மட்டும் எலிகளின் மஜ்ஜையில் செலுத்தியபோது அவற்றுக்கு சி.எம்.எல். போன்ற நோயே வந்தது. ஒரு புற்றுநோய்க்கு ஒற்றைக் காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம். பெரும்பாலான கட்டிகளில் பத்துப் பதினைந்து கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எதை அடித்தால் எது விழும் என்று சொல்ல முடியாது.

சரி, டுரூக்கர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்? 1955இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம், அங்கேயே 1981இல் எம்.டி. (அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி முதல் மருத்துவப் பட்டம்.) செயின்ட் லூயிஸில் பொது மருத்துவப் பயிற்சி. 1984இல் புற்றுநோய் மருத்துவப் பயிற்சிக்காக பாஸ்டனின் டானா-ஃபார்பர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தாமஸ் ராபர்ட்ஸின் ஆய்வகத்துக்குள் போனவர் 1993 வரை பாஸ்டனை விட்டு வரவில்லை.

இந்த ஒன்பது வருடங்களை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெளியே இருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவர் எந்தப் புது மருந்தும் தரவில்லை, தலைப்புச் செய்தியும் ஆகவில்லை. ஆனால் அங்கேதான் அவர் 4ஜி10 என்ற ஒரு எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கினார். பாஸ்பேட் ஒட்டிய டைரோசினை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அது. செல்லுக்குள் ஒரு கைனேஸ் வேலை செய்கிறதா, ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் அந்த வேலை நிற்கிறதா என்பதை இதை வைத்து நேரடியாகப் பார்க்கலாம். உலகம் முழுவதும் ஆய்வகங்கள் அதை இன்றும் வாங்குகின்றன. கைனேஸைத் தடுக்கும் மருந்துகள் வருவதற்கு முன்பே, அவை வேலை செய்கின்றனவா என்று அளக்கும் கருவி அவர் கையில் இருந்தது.

பாசலில் லைடனின் குழு கைனேஸ் தடுப்பான்களைத் தேடிக்கொண்டிருந்தது. அன்று பலருக்கும் இதில் நம்பிக்கை இல்லை. மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றை அடைத்தால் எல்லாம் அடைபட்டு ஆள் போய்விடுவார் என்பது வாதம். பாஸ்டன் குழுவோடு லைடனுக்குத் தொடர்பு இருந்தது. எந்த நோய்க்கு முயலலாம் என்ற பேச்சு வந்தபோது டுரூக்கர் சொன்னது சி.எம்.எல். ஒற்றைக் காரணம் தெரிந்த நோய், ரத்தத்தில் எளிதாக அளக்கக்கூடிய நோய், நல்ல மருந்து இல்லாத நோய். நிறுவனத்தின் கணக்கில் இது ஈர்ப்பான தேர்வே இல்லை. அமெரிக்காவில் அன்று வருடத்துக்குச் சுமார் ஐயாயிரம் பேருக்கு வந்த நோய்க்கு யார் பணம் போடுவார்கள்?

இதற்கிடையில் டானா-ஃபார்பர், சாண்டோஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. சாண்டோஸ் சீபா-கைகிக்குப் போட்டி. லைடனோடு சேர்ந்து வேலை செய்யும் வழி அடைபட்டது. 1993இல் டுரூக்கர் பாஸ்டனை விட்டு போர்ட்லேண்ட் போனார். புகழ்பெற்ற இடத்திலிருந்து, அன்று புற்றுநோய் உலகில் யாரும் பெரிதாகப் பேசாத ஊருக்கு. போனதும் முதல் வேலையாக லைடனுக்குத் தொலைபேசியில் பேசினார். லைடன் சில மூலக்கூறுகளை அனுப்பிவைத்தார்.

சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன்; நீங்கள் எதிர்காலத்தில் செய்யக்கூடியது. சி.எம்.எல். நோயாளியின் மஜ்ஜையிலோ ரத்தத்திலோ இருந்து செல்களை எடுத்து, ஜெல் போன்ற கெட்டியான ஊடகத்தில் பரப்புவார்கள். செல்கள் அங்கே நகர முடியாது. எந்த ஒரு தாய்ச்செல் பிரிகிறதோ, அந்த இடத்திலேயே அதன் குஞ்சுகள் குவிந்து, இரண்டு வாரம் போல ஆனதும் நுண்ணோக்கியில் ஒரு கூட்டமாகத் தெரியும். எத்தனை கூட்டம் என்று எண்ண வேண்டும். மருந்து போட்ட தட்டில் எத்தனை, போடாத தட்டில் எத்தனை, அவ்வளவுதான் கணக்கு. ஒரு மூலக்கூறு மட்டும் நோய் மரபணு உள்ள கூட்டங்களை 92 முதல் 98 சதவீதம் வரை குறைத்தது. சாதாரண மஜ்ஜைச் செல்களின் கூட்டங்களைத் தொடவில்லை. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். கொல்வதற்கு ஆயிரம் ரசாயனம் இருக்கிறது. 1996இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இது வெளியானது. அந்த மூலக்கூறுதான் எஸ்.டி.ஐ.571, பிறகு இமாட்டினிப்.

அதே வருடம் சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆயின. இணைப்புக் குழப்பத்தில் சிறிய திட்டங்கள் தூங்கிப்போவது வழக்கம். போதாக்குறைக்கு, நாய்களில் நரம்பு வழியாகக் கொடுத்தபோது ரத்தம் கட்டியது; வாய்வழி கொடுத்தபோது அதிக அளவில் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. நச்சியல் துறை தயங்கியது. டுரூக்கர் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தார். அவருடைய வாதம் ஒரு மருத்துவரின் வாதம்: கல்லீரலை ரத்தப் பரிசோதனையில் கண்காணிக்கலாம், மருந்தை நிறுத்தலாம், இந்த நோயாளிகளுக்கு வேறு வழியில்லை.

1998 ஜூனில் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. போர்ட்லேண்டில் டுரூக்கர், லாஸ் ஏஞ்சலஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ். இன்டர்ஃபெரான் பலிக்காத நோயாளிகள். ஆரம்ப அளவு நாளுக்கு 25 மில்லிகிராம். இன்று வழக்கமான அளவு 400 என்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் சேர்ந்தவர்களுக்கு அந்த அளவில் பெரிய பலன் கிடைக்க வாய்ப்பே இல்லை. முதல்கட்டச் சோதனையின் கசப்பான பக்கம் இது. முதலில் வருபவர் பின்னால் வருபவருக்காக வருகிறார், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் மருத்துவருக்கு அது தெரியும். படிப்படியாக அளவு கூடியது. 300ஐ எட்டியபோது, வந்தவர்கள் எல்லாருக்கும் ரத்த அணுக்கள் சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பத் தொடங்கின. 1999 டிசம்பரில் அமெரிக்க ரத்தவியல் சங்கக் கூட்டத்தில் டுரூக்கர் சொன்ன கணக்கு: 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 31 பேரில் 31 பேருக்கும். 2001இல் அச்சில் வந்தபோது 54 பேரில் 53.

செய்தி நோயாளிகளிடையே இணையத்தில் பரவியது. கனடாவைச் சேர்ந்த ஒரு நோயாளி, மருந்தை அதிகமாகத் தயாரிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் திரட்டி நிறுவனத் தலைவருக்கு அனுப்பினார். தயாரிப்பு வேகம் பிடித்தது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மனிதரில் தொடங்கி மூன்று வருடத்துக்குள்! அதே மாதம் 'டைம்' இதழ் அட்டையில் போட்டது. 1,106 பேரை வைத்து இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்ட 'ஐரிஸ்' சோதனையில், இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் ஐந்து வருட முடிவில் 89 சதவீதமும் பத்து வருட முடிவில் 83 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள்.

அட்டைப்படக் கதைகள் இதோடு நின்றுவிடும். ஆய்வாளரின் வேலை அங்கே நிற்காது. பிளாஸ்ட் கிரைசிஸில் இருந்தவர்களுக்கு மருந்து முதலில் கேட்டு, சில மாதங்களில் கைவிட்டது. ஏன்? 2001லேயே சாயர்ஸ் குழு பதில் சொன்னது: ஒட்டுப் புரதத்தில் 315ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், இமாட்டினிப் உட்கார இடமில்லாமல் போகும். அந்த மாற்றத்துக்கு டி315ஐ (T315I) என்று பெயர். டசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த தலைமுறை வந்தது. அவையும் இந்த ஒரு மாற்றத்திடம் தோற்றன. அதையும் அடைக்கும் போனாட்டினிப்பின் ஆரம்ப ஆய்வக வேலையில் டுரூக்கரின் குழுவுக்குப் பங்கு உண்டு. 2012 டிசம்பரில் அது வந்தது. ரத்தக் குழாய் அடைப்பு ஆபத்து உள்ள மருந்து, கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். லைடன், சாயர்ஸ், டுரூக்கர் மூவருக்கும் 2009இல் லாஸ்கர் விருது சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்கக் கூடாது, அதுவும் நமக்கு. 1998இல் நோவார்ட்டிஸ், இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில்தான். விண்ணப்ப எண்ணிலேயே மெட்ராஸைக் குறிக்கும் 'எம்ஏஎஸ்' ஒட்டியிருக்கிறது. 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புதிய வடிவம், பலனில் மேம்பாடு காட்டாவிட்டால் காப்புரிமை கிடையாது என்கிற 3(டி) பிரிவு காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். (நோவார்ட்டிஸ் இலவசத் திட்டத்திலும் இங்கே நிறையப் பேருக்கு மருந்து கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.) வழக்கு நடந்துகொண்டிருந்த 2007இல் டுரூக்கர், மருந்தின் விலை தனக்கு மிகுந்த சங்கடம் தருகிறது என்று இந்தியாவின் நாளிதழ் ஒன்றிலேயே எழுதினார். தன் பெயரை உலகறியச் செய்த மருந்தின் நிறுவனத்துக்கு எதிராக, வழக்கு நடக்கும் நாட்டிலேயே எழுதுவது சின்ன விஷயம் இல்லை.

பிற்கால ஆய்வு ஆர்வங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நோய்க்கு ஒரு காரணம் என்ற வழி மற்ற ரத்தப் புற்றுநோய்களில் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 2013இல் அவர் குழு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகும் அரிதான ஒரு ரத்தப் புற்றுநோயில் சி.எஸ்.எஃப்.3ஆர் என்ற மரபணு மாற்றத்தைக் கண்டது. ஏ.எம்.எல். என்ற தீவிர வகையில் 562 நோயாளிகளின் மாதிரிகளை எடுத்து, மரபணுவையும் மருந்துகளுக்கு அந்தச் செல்கள் காட்டும் எதிர்வினையையும் சேர்த்துப் பதிவு செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஏ.எம்.எல். சி.எம்.எல். இல்லை, அங்கே ஒற்றைச் ஸ்விட்ச் கிடையாது, அதனால் ஒற்றை மாத்திரையும் இல்லை. புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு என்று தனி மையமும் வைத்தார். இமாட்டினிப் மாதிரி ஒரே வரியில் சொல்லும் வெற்றி அங்கிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: பணம் திரட்டுவது. நைக்கி நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட்டும் மனைவி பென்னியும் 2008இல் 10 கோடி டாலர் கொடுத்தார்கள். புற்றுநோய் மையத்துக்கு அவர்கள் பெயர். 2013இல், நீங்கள் இரண்டு வருடத்தில் 50 கோடி டாலர் திரட்டினால் நாங்களும் 50 கோடி தருகிறோம் என்றார்கள். 2015இல் திரட்டி முடித்தார்கள். 2024 இறுதியில் மையத்தின் தலைமையிலிருந்து டுரூக்கர் விலகினார். 2025 ஆகஸ்டில் நைட் தம்பதி 200 கோடி டாலர் அறிவித்தபோது, புதிய அமைப்பை நடத்த அவரையே திரும்ப அழைத்தார்கள். மேலே போகப் போக இந்த வகை மருத்துவரின் நேரத்தை யார் தின்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உங்கள் கடைசிக் கேள்வி: இங்கே முடியுமா? வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறையைப் பாருங்கள். 1986இல் அங்கே மஜ்ஜை மாற்று தொடங்கியது. 2006இல் அங்கிருந்து விக்ரம் மேத்யூஸும் சக மருத்துவர்களும், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் ஆர்செனிக் ட்ரையாக்சைடை மட்டுமே தனி மருந்தாகக் கொடுத்த முடிவுகளை 'பிளட்' இதழில் வெளியிட்டார்கள். நோய் நீண்ட காலம் திரும்பாமல் கட்டுப்பட்டதையும், பக்கவிளைவுகள் குறைவாக இருந்ததையும் காட்டினார்கள். செலவு தாங்கக்கூடிய வைத்தியம் எது என்ற கேள்வி வார்டில்தான் பிறக்கும், ஆய்வகத்தில் பிறக்காது.

ஆகவே எம்.டி. மெடிசின், அப்புறம் டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜியோ மெடிக்கல் ஆன்காலஜியோ என்ற பாதையில் போகும்போது, சேரும் இடத்தில் ஆய்வகம் இருக்கிறதா, அங்கே பயிற்சி மருத்துவர்களை உள்ளே விடுகிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எம்.டி. தீசிஸுக்கு யாரோ கொடுக்கும் தலைப்பை எடுத்துக்கொள்ளாமல், உங்கள் வார்டில் திரும்பத் திரும்ப எரிச்சலூட்டும் ஒரு நோயை எடுங்கள். அதன்பின் மூன்று நான்கு வருடம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆய்வகத்தில் உட்கார வீட்டில் சம்மதிப்பார்களா என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. பலர் இந்தப் பாதையை விடுவது அந்த இடத்தில்தான்.